டச் சரியாக வந்தாலும் காசு போலியாக இருக்கலாம்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் "பழைய காசில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி" என்ற கேள்வி. விவரத்தை இரண்டாம் முறை படித்தால் அதைவிடக் குறுகலானது. காங்கயத்தில் ஒரு வியாபாரி மூன்று காசுகளைச் சேர்த்து 45,000 ரூபாய் சொல்கிறார்: 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், "வெள்ளலூர்ல எடுத்த ரோமாபுரிக் காசுங்க" என்று ஒன்று, "கரூர் ஆத்துல கெடச்ச சேரர் வில்லம்புக் காசு" என்று ஒன்று. ரூபாய்க்கு டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பது) பார்த்து 91 சொச்சம் வந்ததாகச் சீட்டு காட்டுகிறார், எடை 11.6 கிராம் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ரோமானியக் காசு 3.1 கிராம். மூன்றையும் எடுத்தால் அனுமார் உருவம் போட்ட 1818 ஒரு அணாக் காசு இனாமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: காசைக் கெடுக்காமல், வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்து, பணம் கொடுப்பதற்கு முன் எதுவரை முடிவு செய்யலாம்? நகை செய்யும் பத்தர் சொன்னபடி ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்க்கலாமா?

ஆசிட்டை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அது காசின் மேல்தோலைத்தான் தின்னும். முலாம் சற்றுத் தடிமனாக இருந்தால் போலியும் அதில் தேறிவிடும். அசலாக இருந்தால் விழும் தழும்பு பிறகு போகவே போகாது, அதற்கப்புறம் காசு சேர்ப்பவர் யாரும் நல்ல விலைக்கு அதைக் கேட்க மாட்டார். உரைகல்லில் தேய்ப்பதும் இதே கதை. மற்றபடி உங்கள் மூன்று காசுக்கும் மூன்று விதமான பதில். ரூபாயை நீங்களே அரை மணி நேரத்தில் ஏறக்குறைய முடிவுகட்டலாம். ரோமானியக் காசை வீட்டில் வைத்துப் போலி என்று ஒதுக்க முடியும், அசல் என்று ஏற்க முடியாது. சேரர் காசை இரண்டு விதத்திலும் சொல்ல முடியாது. படத்தை மட்டும் பார்த்து நானும் சொல்ல மாட்டேன்.

ரூபாய்க்கு வருவோம். டச் சீட்டு பொய் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே இருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் நாடு முழுக்க ஒரே ரூபாயைக் கொண்டுவந்ததிலிருந்து 1939 வரை ரூபாய்க் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.7. உங்கள் எடையும் டச்சும் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அந்தச் சோதனை பதில் சொல்வது "இது ரூபாய்க்குரிய வெள்ளிதானா" என்ற கேள்விக்கு. நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கப்போவது வெள்ளிக்கு இல்லை, 1911 என்ற எண்ணுக்கு. 1917, 1918, 1919 ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. நம் பக்கம் சீர்த்தட்டில் வைக்கவென்று பல வீட்டுப் பீரோக்களில் நாலைந்து கிடக்கும். வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்துக் கடைசி எண்ணைச் சுரண்டி 1 ஆக்கிவிட்டால் எடை மாறாது, டச் மாறாது, ஓசை மாறாது, விளிம்பும் மாறாது. காசு முழுக்க அசல், வருஷம் மட்டும் பொய். ஈயத்தில் வார்த்த முழுப் போலியைவிட இந்த அரைப் போலியில்தான் விவரம் தெரிந்தவர்களும் விழுகிறார்கள், ஏனென்றால் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டதே என்ற தைரியம் வந்துவிடுகிறது.

நல்லவேளையாக 1911 ரூபாய்க்கு அதன் உடம்பிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. மன்னரின் அங்கிமேல் கிடக்கும் விருதுச் சங்கிலியில் சின்னதாக ஒரு யானை உண்டு. முதல் வருஷ அச்சில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாகி, காலும் குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரியே வந்துவிட்டது. மன்னர் பன்றியைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எதிர்ப்பு கிளம்பியதும் அரசாங்கம் காசைத் திரும்ப வாங்கி உருக்கியது. 1912 முதல் தும்பிக்கை நன்றாகத் தெரியும்படி அச்சைத் திருத்திவிட்டார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போனது. அந்த அருமைக்குத்தான் இந்த விலை. ஆகவே 1911 என்று எழுதியிருந்து, யானை ஒழுங்கான யானையாக இருந்தால் அது திருத்திய காசு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பார்க்கும் முறை: நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். ஒரு 1917 அல்லது 1918 ரூபாயை யாரிடமாவது வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் காசின் பக்கவாட்டில், மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து அடியுங்கள். மேடு பள்ளம் நிழல் விழுந்து எழும்பும். காசை மெல்லச் சுழற்றிக்கொண்டே இரண்டு யானைகளையும் மாறிமாறிப் பாருங்கள். பக்கத்தில் சரியான யானை இருந்தால்தான் பன்றி, பன்றியாகத் தெரியும். தனியாகப் பார்த்தால் விற்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் தெரியும். ஒரு வரம்பு உண்டு. அதிகம் புழங்கித் தேய்ந்த காசில் அங்கியின் வேலைப்பாடு முதலில் போய்விடும். யானையே தெரியாத காசுக்கு இந்தச் சோதனை செல்லாது, அப்படிப்பட்ட 1911க்கு நல்ல விலை கொடுக்கவும் வேண்டியதில்லை.

அடுத்தது எண்கள். கடைசி 1ஐ அதே ஆண்டில் உள்ள மற்ற 1களோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே அச்சில் பிறந்த பிள்ளைகள் என்பதால் உயரமும் தடிமனும் அடிப்பீடமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். 9ஐயோ 7ஐயோ சுரண்டி 1 ஆக்கியிருந்தால் அதைச் சுற்றிய தளத்தில் மெல்லிய கீறல்கள், சற்றுக் குழிவு, அல்லது அந்த இடத்தில் மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிய தடம் இருக்கும். பழைய வெள்ளியின் மங்கலான சாம்பல் நிறம் காசு முழுக்க ஒரே சீராக ஓடி ஆண்டுக்கு அருகில் மட்டும் வெளிறியிருந்தால் அது எச்சரிக்கை. காசு மொத்தமும் கறுப்பேற்றி ஆண்டைச் சுற்றி மட்டும் கறுப்பு அடர்த்தியாக இருந்தாலும் அதுவே.

பன்றி தெரிந்தது, எண்ணும் சரி என்றால் அசலா? அவ்வளவு சீக்கிரம் இல்லை. அசல் 1911 ஒன்றை வைத்து வார்ப்பு எடுத்தால் பன்றியும் சேர்ந்தே வரும். அதுவும் உண்மையான வெள்ளியில் வார்த்தால் டச்சும் வரும். பூஜைக்கென்று ராணி காசு, ராஜா காசு மாதிரி வெள்ளியில் செய்து விற்பது யாரையும் ஏமாற்றாத ஒரு தொழிலாகவே நடக்கிறது, கை மாறும்போதுதான் அது "பழைய காசு" ஆகிறது. வார்ப்புக்கு மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது எழுத்தின் அடி. அச்சில் அடித்த காசில் எழுத்தின் சுவர் தளத்தைச் செங்குத்தாகச் சந்திக்கும், அந்த மூலை கத்தி வைத்ததுபோல இருக்கும். வார்ப்பில் அந்த மூலை மெழுகு உருகினாற்போல வளைந்து இறங்கும். புழக்கத்தில் தேய்ந்த காசு இப்படி ஆகாது. புழக்கம் மேட்டைத் தேய்க்கும், பள்ளத்து மூலையைத் தொடாது. மன்னரின் கன்னம் கூர்மையாகவும் எழுத்தின் அடி மழுங்கியும் இருந்தால் அந்தக் காசு மழுங்கியே பிறந்தது. இரண்டாவது தளம்: ஊசி முனை அளவு குழிகள், காற்றுக் குமிழி உடைந்த தடங்கள். மூன்றாவது விளிம்பு. இந்த ரூபாயின் விளிம்பில் நேர்ப்பற்கள் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். வார்ப்பில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு நடுவில் ஓடும். அதை அரம் வைத்து மறைத்திருந்தால் பற்கள் ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் மேலாக இருக்கும். கூடவே வெர்னியர் அளவுகோலில் விட்டம் பாருங்கள்: 30.5 மில்லிமீட்டர். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் பெரும்பாலும் கொஞ்சம் குறைந்து நிற்கும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அந்நாளில் ரூபாய் தேய்ந்து நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் எடை குறைந்தால் அது செல்லாக் காசாக இருந்தது. அதாவது 11.43 கிராமுக்குக் கீழே போனால். இதை ஒரு நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: எழுத்தெல்லாம் முழுசாகத் தெரிந்துகொண்டு 11.4க்குக் கீழே நிற்கும் ரூபாய் எதுவானாலும் கேள்விக்குரியது. உங்கள் 11.6இல் குறையில்லை.

உலோகத்தை ஆசிட் இல்லாமல், டச் கடைக்கும் போகாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சீட்டை நம்ப மனமில்லை என்றால் செய்து பாருங்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், மெல்லிய தையல் நூல், தண்ணீர். முதலில் காசைத் தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள், அடியையோ சுவரையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண் காசின் எடை அல்ல, அது ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 11.60 கிராம் காசு 1.12 காட்டினால் 10.36; ரூபாய் வெள்ளிக்கு வர வேண்டியது 10.3க்கு ஒட்டிய எண், ஆகவே சரி. அதே எடையில் செம்பு-நிக்கல் கலவையாக இருந்தால் 1.30 காட்டும், கணக்கு 8.9க்கு இறங்கும். 1940 முதல் வந்த அரை வெள்ளி ரூபாய் 9.5 பக்கம் நிற்கும். தவறு நேர்வது எங்கே என்றால், காசில் ஒட்டும் காற்றுக் குமிழியில். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. காசு அடியைத் தொட்டுவிட்டால் எண் ஒரேயடியாக எகிறும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஈயத்தையும் தகரத்தையும் சரியான விகிதத்தில் கலந்தால் 10.3ஐக் கொண்டுவர முடியும் என்பதும் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட காசு மெத்தென்று இருக்கும், விரல் நுனியில் நிறுத்தித் தட்டினால் ஓசை செத்துக் கிடக்கும்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு காசு சின்னதாக ஆக ஆக நம்பிக்கை இழக்கும். ரூபாயில் 0.01 பிசகினால் விடையில் நூற்றுக்கு ஒன்றுதான் மாறும். 3.8 கிராம் காசில் அதே பிசகு நூற்றுக்கு மூன்று. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் வீரராயன் பணம் மாதிரிக் குன்றிமணி அளவுத் தங்கக் காசுக்கு இது உதவவே உதவாது. அது ஒதுக்கும் தண்ணீரே 0.02, 0.03 அளவுதான்.

இனி ரோமானியக் காசு. வெள்ளலூர் என்ற பெயர் வியாபாரியின் வாயில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நொய்யலை ஒட்டிக் கொடுமணல் வழியாகக் கரூர் வரை போன பெருவழியில் அந்த ஊர் இருக்கிறது. 1842இலும் 1891இலும் அங்கே தலா ஐந்நூறுக்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற செய்தி, அவருக்கும் தெரியும், போலி செய்பவருக்கும் தெரியும். அப்படிக் கிடைத்தவற்றில் மிகுதியானவை இரண்டு வகை. ஒன்று ரோமாபுரிப் பேரரசன் அகஸ்டஸ் தலை, மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் நடுவில் இருக்க இரண்டு இளைஞர்கள் நிற்பது. அவர்கள் அவனுடைய பேரன்கள் காயஸ், லூசியஸ். இன்னொன்று டைபீரியஸ் தலை, மறுபக்கம் கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண். உலகம் முழுக்கப் போலி அதிகம் உள்ள காசுகளிலும் இந்த இரண்டும் உண்டு. இரண்டாவதை பைபிளில் வரும் வரிக்காசு என்று சொல்லி விற்பதால் அதற்கு எல்லா நாட்டிலும் கிராக்கி. ஆக, "நம்ம ஊர்ல கெடச்ச ரகம்" என்பது காசுக்குச் சாட்சி ஆகாது. நீரோ கி.பி. 64 வாக்கில் வெள்ளியின் தரத்தைக் குறைத்த பிறகு இந்தப் பக்கம் ரோமானிய வெள்ளி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே ஹேட்ரியன் போன்ற பிந்தைய மன்னனின் வெள்ளிக் காசைக் காட்டி வெள்ளலூர் என்றால் கதையில் ஓட்டை இருக்கிறது.

உங்கள் காசில் எனக்கு உறுத்துவது அந்த 3.1 கிராம். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு நல்ல நிலையில் 3.6 முதல் 3.9 வரை இருக்கும். மிகவும் தேய்ந்தோ அரித்தோ போயிருந்தால் 3.1க்கு இறங்கலாம், அது நடக்காத காரியம் அல்ல. ஆனால் தலைமுடியும் எழுத்தும் தெளிவாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேயாத காசுக்கு எடை எங்கே போனது? 3.8 கிராம் வெள்ளிக் காசின் அதே பருமனைச் செம்பில் செய்தால் 3.3 கிராம்தான் வரும். உள்ளே செம்பு, மேலே வெள்ளி என்று வைத்துக்கொண்டால் உங்கள் எண் எளிதாக விளங்குகிறது. டச் இயந்திரம் இதைக் காட்டாது. அது பாய்ச்சும் எக்ஸ் கதிர் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு ஆழத்துக்குத்தான் இறங்கும். முலாமை அளந்துவிட்டு வெள்ளி 95 என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். தண்ணீர்க் கணக்கில் 0.30க்குக் கிட்டே வந்தால் வெள்ளி, 0.34, 0.35 வந்தால் உள்ளே வேறு. இந்த அளவு வித்தியாசத்தை உங்கள் தராசு தாங்கும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

ஒரு சிக்கல். செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசுகள் ரோமானியர் காலத்திலேயே உண்டு, அந்தக் காலத்துக் கள்ளக் காசு. அதேபோல ரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவிலேயே அக்காலத்தில் அடித்த நகல்களும் உண்டு, அவற்றில் லத்தீன் எழுத்து உளறலாக இருக்கும். இந்த இரண்டும் பழையவை, சேகரிப்பவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். ஆகவே எழுத்து தப்பாக இருக்கிறது என்பதோ உள்ளே செம்பு தெரிகிறது என்பதோ மட்டும் வைத்து நேற்றுச் செய்தது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் சுத்த வெள்ளி தினாரியஸ் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் வாங்காமல் இருக்க அது போதும். விளிம்பைப் பாருங்கள்: கையால் அடித்த காசு முழு வட்டமாக இராது, ஓரத்தில் சின்ன வெடிப்புகள் உள்நோக்கி ஓடும், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதே ஒதுக்கமும் அதே வெடிப்பும் அதே கீறலும் உள்ள இன்னொரு காசு ஏதாவது ஏலப் படத்தில் தென்பட்டால் இரண்டில் ஒன்றாவது நகல். கையடிக் காசில் இரட்டைப் பிள்ளைகள் பிறப்பதில்லை. தரையில் போட்டு ஓசை பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டாயிரம் வருஷத்து வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். அசலாக இருந்தால் இரண்டாக உடைந்து, 45,000 ரூபாயை அங்கேயே எண்ணி வைக்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் தேறினாலும் அசல் என்று ஆகாது என்று சொன்னதற்குக் காரணம், இப்போது நல்ல வெள்ளியில், சரியான எடையில், எஃகு அச்சில் அழுத்திச் செய்யும் போலிகள் வருகின்றன. அவற்றில் குமிழி இராது, கோடும் இராது. அச்சு ஒப்பீடு செய்யத் தெரிந்தவர், பதிவான போலி அச்சுகளின் படங்களோடு வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லென்ஸ் அங்கே கையை விரித்துவிடும்.

சேரர் காசு இன்னும் கடினம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும் உள்ள செப்புக் காசுகள் கரூர் அமராவதி மணலில் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் செம்பில் எடை ஒரே சீராக இராது, தரம் பார்க்க எதுவுமில்லை, எழுத்தும் பெரும்பாலும் இல்லை. மிஞ்சுவது பச்சைக் களிம்பு ஒன்றுதான். அதைத்தான் மயில்துத்தமும் நவச்சாரமும் வைத்து ஒரு வாரத்தில் ஏற்றிவிடுகிறார்கள், அல்லது பெயின்ட்டும் கோந்தும் மண்ணும் குழைத்துத் தடவிவிடுகிறார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது: சுத்தமான அசிட்டோனில் பத்து நிமிஷம் போட்டு, மரத்துப் பல்குச்சியால் மெல்லத் தடவுங்கள். பெயின்ட் கரைந்து குச்சியில் பச்சையாக ஏறும், உண்மைக் களிம்புக்கு அசிட்டோன் ஒன்றும் செய்யாது. முகர்ந்துகொண்டு செய்யாதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். மருந்தில் ஏற்றிய பச்சை அசிட்டோனுக்கு அசையாது. லென்ஸில் அது பள்ளத்தில் மட்டும் தூளாக உட்கார்ந்திருக்கும், கீழே உலோகம் புதுச் செம்பாக இளஞ்சிவப்பில் மின்னும். நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பு மேட்டிலும் பள்ளத்திலும் உலோகத்திலிருந்தே முளைத்ததுபோல இருக்கும், உடைந்த இடத்தில் பச்சைக்கும் செம்புக்கும் நடுவே அடர் சிவப்பில் ஒரு படலம் தெரியும். அந்தச் சிவப்புப் படலம் இருப்பது நல்ல அறிகுறி. இல்லாதது கெட்ட அறிகுறி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நம் ஊரில் கிடைத்த காசை முதல் வேலையாகப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அசல் காசும் புதுச் செம்பாகிவிடும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது போலியின் அடையாளம் அல்ல, காசுக்குப் பிடித்த நோய். ஈரம் படாமல் தனியே வைக்க வேண்டும்.

அதில் எழுத்து இருப்பதாகவும் அவர் சொல்லியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேர மன்னர் பெயர் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள வெள்ளிக் காசுகள் கிடைத்ததிலிருந்து எழுத்துள்ள காசுக்கு மவுசு. எழுத்தில்லாத காசில் பிறகு செதுக்குகிறார்கள். அச்சில் அடித்த எழுத்து தளத்திலிருந்து மேடாக நிற்கும். செதுக்கிய எழுத்து பள்ளமாக இருக்கும், அல்லது மேடாக்குவதற்காகச் சுற்றிலும் சுரண்டி எழுத்தைச் சுற்றி மட்டும் தளம் தாழ்ந்திருக்கும். கரூர் அரசு அருங்காட்சியகத்தையோ சென்னை எழும்பூரில் காசுப் பிரிவையோ ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், அசலின் தடிமனும் ஓரமும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். படத்தில் அது வராது.

இன்னொன்று இருக்கிறது. இந்தக் காசு அண்மையில் ஆற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ எடுத்தது என்பது உண்மையானால் அது உங்களுக்குச் சாதகம் அல்ல. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசைத் தனிநபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "போன மாசம் எடுத்தது" என்பவரிடம் வாங்குவதைவிட, "இன்னாரிடம் இன்ன வருஷம் வாங்கினேன்" என்று சீட்டு காட்டுபவரிடம் வாங்குவது இரண்டு வகையிலும் நல்லது.

இனாமாக வரும் 1818 அணாவைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பேசுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுமார், ராமர் பட்டாபிஷேகம், லட்சுமி எல்லாம் போட்டு அணாக் காசு அடித்ததே கிடையாது. ஒரு அணா என்ற தனிக் காசு இங்கே வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், செம்பு-நிக்கலில். 1818 வரை சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு நடந்தது. அந்தக் காசு எதற்கும் நகல்கூட இல்லை, முழுக்கக் கற்பனை. அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று கோடி ரூபாய் பேசி ஏமாற்றும் கும்பல்களும் இந்த மாதிரிக் கற்பனைக் காசுகளையே கையில் எடுக்கிறார்கள். உங்கள் வியாபாரி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலே வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் இதை அசல் என்று நம்புகிறவர் சேரர் காசை அசல் என்று சொல்வதற்கு எடை கிடையாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றையும் ஒன்றாகப் பேச மாட்டேன். "ரூபாயை மட்டும் தனியா என்ன வெலைங்க" என்று கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால் எந்தக் காசு எந்தக் காசைச் சுமக்கிறது என்பது தெரிந்துவிடும். ரூபாயில் பன்றி தெரிந்து, எண்ணும் எழுத்தின் அடியும் விளிம்பும் தண்ணீர்க் கணக்கும் தேறினால் வாங்கலாம்; அதில் ஏறக்குறைய 10.6 கிராம் சுத்த வெள்ளி இருப்பதால் தவறிப்போனாலும் அந்த அளவு பணம் கையில் நிற்கும். மற்ற இரண்டையும் திருப்பித் தரும் நிபந்தனையோடு மட்டும். ரசீதில் "பழைய காசு 3" என்று எழுதினால் வாங்காதீர்கள். "1911 ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், எடை 11.6 கிராம், ஆண்டு திருத்தப்படாதது, போலி என்று தெரிந்தால் 30 நாளுக்குள் முழுப் பணம் திரும்ப" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பக்கவாட்டு வெளிச்சத்தில் யானை இருக்கும் இடத்தையும், ஆண்டையும், விளிம்பில் நான்கு இடத்தையும் படம் எடுத்துப் போட்டால் ரூபாயைப் பற்றி நானும் பார்த்துச் சொல்கிறேன்.